வாயில் வைத்த பொட்டு

ஒரே ஒரு ஊரில், ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையில், ஒரு மின்சார ஆட்டோ கிளம்ப மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"பேட்டரிகிட்டேருந்து ஒரு சத்தமும் வரல. அது செத்துப்போச்சு!" என்று ஹேண்டில் பக்கத்திலிருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கு கத்தியது. ஆட்டோக்காரர் பேட்டரியைக் காயலான் கடையில் போடப் புறப்பட்டார்.

"ஐயோ, நான் தொண்டை கிழியப் பேசிக்கிட்டுதான் இருக்கேன்!" என்று அழுதது பேட்டரி.

அந்த நேரம் பார்த்து வந்த மெக்கானிக்கின் பையிலிருந்து, வயர்களைச் சோதிக்கும் மீட்டர் இறங்கியது. நேராகப் பேட்டரியிடம் போய்க் காது வைத்தது. "நல்லாதான் பேசுது." பிறகு விளக்குப் பக்கம் காது வைத்தது. "இங்க வந்து சேரல. அப்போ நடுவுல யாரோ பேச்சை முழுங்குறாங்க. பிளக்கு தம்பி, நீயா?"

"ம்ம்... ம்ம்..." என்றது இரண்டுக்கும் நடுவே வயரை இணைக்கும் பிளக்.

மெக்கானிக் அதைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டியாக இருந்தன. சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டியதும் பிளக் மூச்சு விட்டது.

"நேத்து எல்லாருக்கும் நெத்தியில பொட்டு வச்சாங்கண்ணே. எனக்கு மட்டும் வாயில அப்பிட்டாங்க!"

விளக்கு பச்சையாகி, பேட்டரியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"அண்ணே, நீங்க மட்டும் வரலன்னா..." என்று ஆரம்பித்தது பேட்டரி.

"அட, விடுப்பா. இன்னிக்கு இன்னும் எத்தனை வாயைக் கழுவணுமோ!" என்ற மீட்டர், தன் இரண்டு வயரையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனது.