பச்சை ஒளியில் ஒரு கை

பூச்சிமருந்து அடிக்கும் கருவியின் முனையில் மாட்டும் நாசில் எதுவானாலும், வீட்டுக்கு மூத்தவர் அதன் முன்னால் உள்ளங்கையை நீட்டி, தூறல் சீராக விழுகிறது என்று தலையாட்டிய பிறகே பொங்கியண்ணன் பட்டறையை விட்டு வெளியே போகும். இப்போது மூத்தவரான மாமனாரின் அந்தக் கையைத்தான் மருமகள் கோகிலவாணி, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், நாசில் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே பொய்யாக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, பெரிய துளிதானுங்க கையில படுது. பொடித்துளி காத்துலயே நிக்குது. மருந்தடிக்கிறவங்க மூச்சுல போயிருமுங்க."

"எங்கப்பாரு கையி, என்ற கையி எல்லாம் பொய்யி, உன்ற லேசர் வெளிச்சந்தான் சத்தியமாக்கும்? போடு, பாத்துரலாம்!"

அவள் விளக்கை அணைத்து, நாசிலில் தண்ணீரைத் திறந்து, லேசரைப் போட்டாள். இருட்டில் ஒளி பச்சைத் தகடாக விரிந்தது. அவர் கையை நீட்டினார். தூறல் சீராகத்தான் விழுந்தது. "பாத்துக்குங்க!" என்று வந்தவர்களிடம் இரைந்தார். அப்போதுதான், விரல்களைத் தொடாமலே சுற்றிக்கொண்டு, பச்சைப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தன் முகத்தை நோக்கி மிதந்து வருவதைக் கண்டார்.

"ஒண்ணுமில்ல! அத்தனையும் பொய்யி!"

குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது. எப்போது மூக்கைப் பொத்திக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"வெறுந் தண்ணிதானுங்க, மாமா" என்றாள் கோகிலவாணி.