இரண்டாவது ஹெட்போனுக்கு ஒரு துளை

மேசைக்கு இந்தப் பக்கம் நான், பென்சிலோடு. எதிரே நண்பன் மாசிலாமணி, டிரில்லிங் மெஷினோடு. ஜன்னலோரம் அவன் தங்கை வடிவு, நாமே பூட்டிச் செய்யும் ரேடியோ கிட்டோடு வந்த புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு. நடுவில் காலி அலுமினியப் பெட்டி. "பிற்பாடு சேர்க்கப்போகிற சாமான்களுக்கும் இப்போதே துளை போட்டுவிடவும். போர்டை மாட்டிய பிறகு துளைத்தால் தூள் விழுந்து கெட்டுவிடும்" என்று வடிவு வாசித்தாள். அலைவரிசை காட்டும் திரைக்கு ஒன்று, வெளி ஸ்பீக்கருக்கு ஒன்று என்று குறித்தேன். பிறகு, இடது ஓரத்தில், இரண்டாவது ஹெட்போனுக்கும் ஒரு வட்டம் போட்டேன். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடா ரெண்டு ஹெட்போன்?" என்றான் மாசிலாமணி. "யாராவது கூட உட்கார்ந்து கேட்கலாம் இல்லையா?" என்னைக் கட்டிக்கொள்வாயா என்று வடிவிடம் கேட்க ஆறு மாதமாக முயன்று, அந்த வட்டம் வரைக்கும்தான் வந்திருந்தேன். "யாராவதுன்னா யாரு?" அவன் விடவில்லை. நான் பென்சிலைச் சீவினேன். வடிவு எழுந்து வந்து கட்டைவிரலால் வட்டத்தை அழித்தாள். அவள் நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பென்சிலை வாங்கி, பெட்டியின் வலது ஓரத்தில் புது வட்டம் வரைந்தாள். "அங்க போட்டா வயர் எனக்கு எட்டாதுண்ணே. உன் சிநேகிதர்கிட்ட சொல்லு." மாசிலாமணி எங்களை மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நான் எதுல கேக்கறதாம்?" "உனக்குத்தான் ஸ்பீக்கர் இருக்கே!" என்றாள் வடிவு. கூடுதல் சாமான்கள் கேட்டுக் கிட் கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தில் ஹெட்போன் இரண்டு என்று திருத்தினேன். தபால்பெட்டிக்கு நானே போகிறேன் என்றேன். "வேண்டாம். வழியில நின்னு மறுபடியும் யோசிப்பீங்க" என்று வடிவு உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினாள்.