டீச்சரை இறக்கியது

டீச்சருக்குக் கால் பின்னுவதை மலைமேல் பராஃபு முகாமில் முதலில் பார்த்தது ஒம்பேனிதான்.

கூடாரத்து வாசலில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, அதன்மேல் அடிக்கு அடி ஒட்டி நடக்கச் சொல்லியிருந்தான். கிபோ உச்சிக்குக் கூட்டிப்போகிற யாரையும் அவன் இப்படி நடக்கவிட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. கடலோரத்துத் தார் எஸ் சலாமில் லாரி ஓட்டப் போய், ஒரு வருஷம் கழித்து மலைக்குத் திரும்பியிருந்தான். ஆனாலும் வழிகாட்டியின் கண் எங்கே போகும்?

மின்சா டீச்சர் சிரித்துக்கொண்டே கயிற்றில் கால் வைத்தாள். ஏரிக்கரை ஊரான ம்வான்சாக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். "ஏரித் தவளைக்கு மலை எதுக்கு டீச்சர்?" என்று வழியெல்லாம் அவன் சீண்டியதற்கு, "உங்க மலைக்குத் தண்ணி காட்டத்தான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தவள்.

இப்போது இடப்பக்கம் சரிந்தாள். பிறகு வலப்பக்கம். அவளுக்குப் பின்னால் பனியாற்றின் வெள்ளைச் சுவரும் கூடவே சரிந்தது.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூளையில் நீர் கோத்துவிட்டது. சந்தேகமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இங்கே இருந்தால் ஆள் மிஞ்சமாட்டாள்.

"போதும் டீச்சர். கீழ இறங்கிடலாம்" என்றான்.

"என்ன தம்பி?"

மறுபடி சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. மூன்றாவது முறை கையால் கீழே காட்டிச் சொன்னான். சொன்னது புரியாமல் போவதும் இந்த நோயின் அடையாளம்தான்.

உதவி வழிகாட்டி ஐகண்டே, அவன் மனைவியின் தங்கை, டீச்சரின் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டி அவனிடம் காட்டினாள். எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. குளிரில் பேட்டரி செத்திருக்கும்.

"அத்தான், நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. இவங்கள இப்பவே இறக்கணும்."

ஐகண்டே டீச்சரைத் தனியாக அழைத்துப் போனாள். இருவரும் தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார்கள். டீச்சர் ஒரு முறை உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், உச்சியில் நின்று போட்டோ எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆமா தம்பி, எனக்கு முடியல. நீங்களே கூட வந்து இறக்கி விடுங்க. வேற யாரு கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த நோய் வந்தவர்கள் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சாதிப்பார்கள். கீழே இழுத்தவன் கையைக் கடித்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். டீச்சர் நல்லவள், சொன்னபடி கேட்டாள்.

மருந்துப் பையைத் துழாவி மாத்திரையை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். ஐகண்டே தேநீர் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். வாயெல்லாம் கசந்தது. பாதி மேலெல்லாம் சிந்தியது.

இறங்கினார்கள்.

சரளைச் சரிவில் டீச்சரின் கையை அவன் விடவில்லை. அவள் பிடியும் இரும்பாக இருந்தது. பயத்தில் அப்படித்தான் பிடிப்பார்கள். ரெண்டு இடத்தில் டீச்சர் விழுந்தாள், அவனையும் இழுத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் ஐகண்டே பின்னாலிருந்து தாங்கினாள்.

பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. இனி ஹெலிகாப்டர் வராது என்று ஐகண்டே யாரிடமோ வயர்லெஸ்ஸில் பேசுவது கேட்டது. பாவம் டீச்சர், என்று நினைத்துக்கொண்டான்.

கீழ் முகாமில் ஒற்றைச் சக்கரம் வைத்த படுக்கையோடு சுமைக்காரர்கள் நால்வர் மழையில் நின்றிருந்தார்கள்.

"மெதுவாப் படுக்க வைங்க. தலைப்பக்கம் ஒசரமா இருக்கட்டும்" என்றான்.

மெதுவாகத்தான் படுக்க வைத்தார்கள். தலைக்கு அடியில் மூட்டை ஒன்றைச் செருகினார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தி, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையை இழுத்துக் கட்டினார்கள். பட்டை ஒம்பேனியின் நெஞ்சை இறுக்கியது.

கண்ணைத் திருப்பிப் பார்த்தான். மின்சா டீச்சர் தன் இரண்டு கால்களில் நேராக நின்றிருந்தாள். அவனுடைய பை அவள் தோளில் தொங்கியது.

"பயப்படாதீங்க டீச்சர். கீழ போகப் போக எல்லாம் சரியாயிடும்" என்று அவளிடம் சொன்னான்.

அவன் வாயிலிருந்து வந்த எதுவும் சொல்லாக இல்லை. மத்தியானம் குழறத் தொடங்கிய நாக்கு, வரும் வழியிலேயே முழுதாக விழுந்திருந்தது.

டீச்சர் ஐகண்டேயைப் பார்த்தாள். "என்னம்மா சொல்றாரு?"

"தெரியல டீச்சர். இன்னமும் உங்களத்தான் இறக்கிட்டிருக்காரு. நீங்க சரின்னு மட்டும் சொல்லிட்டே வாங்க."

"சரி தம்பி" என்றாள் டீச்சர்.

சக்கரம் உருண்டது. கல்லில் ஏறி இறங்கியது. அவன் என்னவோ சொன்னான். "சரி தம்பி." மறுபடி என்னவோ சொன்னான். "சரி தம்பி."

பாசி தொங்கும் மரங்களுக்குள் நுழைந்தபோது அவனிடமிருந்து வந்த சத்தம் நின்றது. ஐகண்டே குனிந்து அவன் கழுத்தில் விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே கொஞ்ச தூரம் படுக்கையோடு நடந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

டீச்சர் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் "சரி தம்பி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.