முதல் வெட்டு

"நான்தான், உங்க சின்னவன் பேசறேன். வயசு இருபத்தஞ்சு முடிஞ்சும் கை நடுங்குது. மரக்கிடங்குக்குப் பின்னால, பலகை அடுக்குக்கு நடுவுல உட்கார்ந்திருக்கேன். விரல் எழுத்துல நிக்க மாட்டேங்குது, அதான் போன்ல வாயாலயே டைப் பண்றேன். எழுத்து தப்பா விழுந்தா திருத்திப் படிச்சுக்கோங்க."

சொல்ல வந்த விஷயம் வேற. ஆனா அவன் வாய் தானா கோடாலிப் பக்கம் போயிடுச்சு.

கிடங்குல மொத்தம் பதினெட்டு கோடாலி. பதினெட்டும் லொடலொட. முன்னாடி காம்பு போட்டுக்கிட்டிருந்த ஆள், தலை ஆடினா ஒரு ஆணி அடிப்பார், இல்லன்னா ராத்திரி பூரா தண்ணித் தொட்டியில ஊறப் போடுவார். அப்படி ஊறின ஒண்ணு ஒரு நாள் கழண்டு பறந்து மேஸ்திரி முழங்கால்ல இறங்குச்சு. மனுஷன் இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்கிறார். அன்னைக்கு அவர் போட்ட சட்டம்: காம்பு போட்டவங்கதான் முதல் வெட்டுக்கு நேர் எதிர்ல, எட்டடியில நிக்கணும். சட்டம் வந்த மறுநாளே அந்த ஆள் வேலையை விட்டுட்டுப் போயிட்டார்.

இன்னைக்குக் காலையில அந்த வேலையைக் கேட்டு ஒரு பொண்ணு வந்து நின்னா.

மேஸ்திரி மேலயும் கீழயும் பார்த்தார். "ஏம்மா, இது துடைப்பத்துக்குக் குச்சி சொருகற வேலை இல்ல."

"தெரியுங்க. துடைப்பம் கழண்டா யாருக்கும் கால் போகாது." அவர் முழங்காலைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னா.

மரம் வெட்டறவங்க எல்லாரும் சிரிச்சாங்க. மேஸ்திரி சிரிக்கல. இருக்கிறதுலயே மோசமான கோடாலியா எடுத்து அவ முன்னாடி போட்டார். தலை ஒரு நூல் நகர்ந்தாலும் சாயங்கால லாரியிலயே திரும்பிப் போயிடணும்னு சொல்லிட்டார்.

அவ வேலை செஞ்ச விதத்தைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல்ல நடுக்கமே இல்ல.

உள்ள சிக்கிக் கிடந்த பழைய கட்டையைத் தட்டி எடுத்தா. அதுலேருந்து அஞ்சு ஆணியைப் பேன் பொறுக்கற மாதிரி பொறுக்கிப் போட்டா. ஊறின கட்டை ஊதும், காஞ்சா முன்னைவிடச் சுருங்கும்னு தனக்குத்தானே முணுமுணுத்தா. இருபது கட்டையைப் புரட்டி, மர ரேகை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நேரா ஓடற ஒண்ணை எடுத்தா. சீவினா, பொருத்திப் பார்த்தா, மறுபடி சீவினா. அப்புறம் கோடாலியைத் தலை கீழ தொங்கற மாதிரி அந்தரத்துல புடிச்சு, காம்போட மேல் நுனியில மரச்சுத்தியால தட்டினா.

"மாட்டச் சொன்னா கழட்டறா"ன்னான் ஒருத்தன்.

ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் இரும்புத் தலை தானா காம்புல மேல ஏறுச்சு. சிரிச்சவங்க வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல வந்து குந்திட்டாங்க. கடைசியா தலைக்கு வெளிய எட்டிப் பார்த்த காம்பு நுனியில இருந்த பிளவுல ஒரு ஆப்பை இறக்கி, நீட்டிக்கிட்டிருந்ததை அறுத்துத் தள்ளினா.

யார் வெட்டறதுன்னு மேஸ்திரி கேட்டார். அவ சுத்திமுத்திப் பார்த்துட்டு, மரம் வெட்டறவங்களோட நின்ன இவனைக் காட்டினா.

இவன் ரெண்டடி பின்னால போனான். தோள்ல வலி, வேற யாரையாவது வெட்டச் சொல்லுங்கன்னு கெஞ்சிப் பார்த்தான். நடக்கல. கோடாலித் தலையை ஆட்டிப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், தரையில இடிச்சுப் பார்த்தான். இம்மியும் அசையல. அப்பவும் மனசு கேக்கல.

"கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி நின்னா என்ன?"

"பாருய்யா"ன்னார் மேஸ்திரி, "நிக்கிறவ சும்மா நிக்கிறா, வெட்டறவன் வேர்த்து ஊத்தறான்."

எட்டடியில நின்னவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டா. "கோடாலி ஆடல. உங்க கைதான் ஆடுது. வெட்டுங்க."

ஓங்கி ஒரே வெட்டு. கட்டை ரெண்டாப் பிளந்து ரெண்டு பக்கமும் உருண்டுச்சு. அவ இமைகூடக் கொட்டல. மேஸ்திரி நொண்டிக்கிட்டே வந்து தலைக்கும் காம்புக்கும் நடுவுல நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் நுழையல. திருப்பி வெச்சுப் பார்த்தார். அங்கயும் நுழையல.

"மிச்சம் பதினேழு இருக்கும்மா"ன்னார். அவர் அவ்ளோ மெதுவாப் பேசி அந்தக் கிடங்குல யாரும் கேட்டதில்ல.

இவ்வளவையும் சொல்லி முடிச்சிட்டு அவன் போனை வாய்க்கு இன்னும் பக்கத்துல கொண்டு வந்தான். அடுத்த வார்த்தைக்காக போன் காத்துக்கிட்டிருந்துச்சு.

"அண்ணியோ தங்கச்சியோ, இதை யார் படிச்சாலும் அம்மாவை உட்கார வெச்சு மெதுவாப் படிச்சுக் காட்டுங்க. போன வருஷம் நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, கையைத் தொட்டுப் பார்த்துட்டு, 'பொண்ணு கையா இது, கட்டை மாதிரி இருக்கு, இவ வேண்டாம்'னு அம்மா திருப்பி அனுப்பினாங்களே, அவதான் இன்னைக்கு என் கோடாலிக்கு எதிர்ல நின்னா. போன வாரம் நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம், அம்மாவை அவகிட்ட ஒரு தடவை பேசச் சொல்லுங்க."