உறை போட்ட ரிமோட்

டிவி ரிமோட்டுக்கு வந்த அன்றே பாலிதீன் உறை மாட்டி, ரப்பர் பேண்டும் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

"ஒன்பது வருஷமா என் உடம்புல ஒரு விரல் பட்டதில்ல, தெரியுமா?" என்று கீழே கிடந்த பாத்ரூம் செருப்பிடம் பீற்றிக்கொள்ளும். "சாம்பார் கை, எண்ணெய்க் கை எல்லாம் உறையோட சரி. என்னைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாங்க."

"நான் இப்பத்தான் ஒரு கரப்பானை அடிச்சுட்டு வர்றேன்," என்றது செருப்பு. "நீ கரப்பான் பாத்திருக்கியா?"

"சீ! தள்ளிப் போ."

ஒருநாள் டிவி புகைவிட்டுச் செத்தது. புது டிவியோடு புது ரிமோட்டும் வந்தது. வீட்டுக்கார அம்மா பழைய ரிமோட்டை உறையிலிருந்து உருவினார். ஒரு கீறல் இல்லை. அதைப் பழைய பேப்பர் மூட்டைக்குள் வீசிவிட்டு, உறையை மட்டும் பத்திரமாகத் துடைத்துப் புதுசுக்கு மாட்டினார்.

மூட்டையிலிருந்து பழையது எட்டிப் பார்த்தது.

"யார் அது, அம்மணமா?" என்றது புது ரிமோட். "கிட்ட வராதே. என்னைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாங்க."

பழையது பதில் சொல்ல வாயெடுத்தது. அப்போது முதன்முதலாக அதன் வெற்று முதுகில் ஏதோ நேரடியாகப் பட்டது. ஆறு கால், இரண்டு மீசை.

"செருப்பண்ணே!" என்று அலறியது ரிமோட்.