நாம் அனைவரும்

கதவைத் திறந்ததும் அனல் அவன் முகத்தில் அறைந்தது.

வெயிலுக்காகச் சாத்திய ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. மின்விசிறி சுற்றவில்லை. கட்டிலில் ஒன்றரை வயது மகன் துவண்டு கிடந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை.

பக்கத்தில் மூத்தவள், ஐந்தாம் வகுப்புக்காரி, பாடப் புத்தகத்தால் தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது.

அவளைக் காவல் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனவன், கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். இப்போது மகனை உலுக்கிக் கத்தினான். ஸ்விட்சைத் தட்டினான். மின்விசிறி சுற்றியது. கரண்ட் போகவில்லை.

அவன் போட்ட சத்தத்தில், இரவு டியூட்டி முடிந்து அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள். நர்ஸ். பேசிக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தாள். நனைத்தாள். மறுபடி துடைத்தாள்.

குழந்தை வீறிட்டு அழுதது.

அப்பனுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

“ஃபேனை யாருடி நிறுத்துனது?”

“நான்தாம்மா.” மகள் தேம்பினாள். “நாம கரண்ட் செலவு பண்ணா கடல் ஏறுமாம். அத்தை வீடு கடலோரத்துலதானே இருக்கு?”

புத்தகத்தை நீட்டினாள். கடைசிப் பாடம்.

‘புவி சூடாவதற்கு யார் காரணம்? நாம் அனைவரும்.’

விடைக்கு அடியில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள்.

மனைவி படித்தாள். புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, இதை எழுதினவங்ககிட்ட கேட்டுச் சொல்றியா? தம்பிக்கு மட்டும் போட்டுக்கலாமான்னு?”

அந்தக் கேள்விக்கு அவன் முதலில் எழுதிக் கொடுத்த விடையில் ஆலைகள் இருந்தன, அனல்மின் நிலையங்கள் இருந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வம்பெல்லாம் என்றார் பாடநூல் குழுத் தலைவர். இவனும் தலையை ஆட்டிவிட்டு, அத்தனையையும் அடித்து, இரண்டே சொல்லில் முடித்துக் கொடுத்தான்.

“போட்டுக்கலாம்டா. உனக்கும் போட்டுக்கலாம்.”

மகள் நம்பவில்லை.

“நீ இன்னும் கேக்கவே இல்லையேப்பா.”