ஆறு மணிப் பேச்சு

இடது பக்க மூடியைக் கழற்றியதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரில் பழுதான டிவியெல்லாம் என் மேஜைக்கு வருகிறது. சொந்த அம்மாவின் ஹெட்போனைத் திறந்து பார்க்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அதுவும் அம்மாவுக்காக இல்லை. இன்று அக்காவோடு நான் பேசப்போகிறேன். நடுவில் கொரகொரவென்று இழுத்தால், இருக்கிற கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விடும்.

புருஷன் அடித்தானென்று பையும் கையுமாக வந்து நின்றவளை, குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசி, அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டவன் நான். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும்தான்.

தினமும் மாலை ஆறு மணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு உலகமே மறந்துவிடும். சிரிப்பாள், திட்டுவாள், மூக்கை உறிஞ்சுவாள். முடிந்ததும் எனக்குச் செய்தி வாசிப்பாள்.

மாப்பிள்ளை இப்போது தங்கமாகப் பார்த்துக்கொள்கிறாராம். மாடி வீட்டுக்கு மாறிவிட்டார்களாம். பால்கனியில் வைத்த தக்காளி காய்த்திருக்கிறதாம்.

அந்தத் தக்காளியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வர ஆரம்பித்தது.

அம்மா குளிக்கப் போயிருந்தாள். சால்டரிங் இரும்பு சூடேறுவதற்குள் எந்த வயர் என்று பார்த்துவிடலாமென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

அறுந்திருந்தது. வலது பக்கத்தையும் திறந்தேன். அதுவும் அறுந்திருந்தது. சரி, மைக்காவது பிழைத்திருக்கும் என்று வயரின் நடுவில் இருந்த அந்தச் சின்ன மூடியையும் நெம்பினேன்.

மூன்றுமே.

நேற்று அறுந்த செம்புக் கம்பி என்றால் நுனி பளபளவென்று இருக்கும். இதில் களிம்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. இப்படி ஆக வருடக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. இன்னொரு தரம் வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

நேற்றுகூட அம்மா முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் மைக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி இளைச்சுட்டானான்னு கேக்கறா" என்று என்னிடம் சொன்னாள்.

அப்படியானால் மாடி வீடு? தக்காளி? தங்கமான மாப்பிள்ளை?

அக்கா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறாளா என்றே தெரியாது.

குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. எதையும் பற்றவைக்காமல் மூடிகளை அப்படியே அழுத்தி மாட்டினேன்.

அம்மா ஈரத்தலையோடு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"சொல்லுடி" என்றாள்.

"குடும்மா, இன்னிக்கு நான் பேசறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவ வேலையா இருக்காளாம், இப்ப வேண்டாமாம் என்று ஏதோ முனகினாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். எழுந்து, கழற்றிக் கொடுத்தாள். போனையும் கொடுத்தாள். அதன் திரை இருட்டாக இருந்தது.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. மாட்டிக்கொண்டேன். காதுக்குள் என் மூச்சைத் தவிர எதுவும் இல்லை.

"அக்கா, அன்னிக்கு உன்ன நான் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் என் காதில்தான் இருந்தது.

"அதெல்லாம் அவ மனசுல வெச்சுக்கலையாம்டா" என்றாள்.